பயிற்றங்காய் வேரில் நைட்ரஜனேஸுக்குத் துணை யார் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு மகள் ஒரு கேள்வியோடு வந்தாள். எஸ்டிபிஎம் (மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வு) உயிரியலில் அவளுக்கு ஒரு கட்டுரை: அவரையினச் செடிகளின் வேர் முடிச்சில் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக நிலைப்படுத்துவதற்குத் துணை செய்யும் நொதிகளை, அதாவது என்சைம்களை, விளக்க வேண்டும். "சார், நைட்ரஜனேஸ் என்ற நொதி ஒன்றுதானே அந்த வேலையைச் செய்கிறது? துணை என்று வேறு எதை எழுதுவது?" என்றாள். கூடவே வந்த அவள் தாத்தா, பழத்தோலைப் புளிக்க வைத்து எடுத்த என்சைம் தண்ணீரைப் பயிற்றங்காய்க் கொடிக்கு ஊற்றி வருகிறார். "அந்த என்சைமும் இந்த என்சைமும் ஒண்ணுதானா தம்பி?" என்று அவரும் கேட்டார். வாசலில் நின்று பேசி முடிகிற விஷயமில்லை. அதனால் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சுங்கை சிப்புட்டில் முப்பது வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்கு முன்னால் பால்மரத் (ரப்பர்) தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். இந்த முடிச்சுகளை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே கையில் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பெரியவரின் கேள்வி. ஐயா, நீங்கள் செய்வது எனக்கும் தெரியும். சர்க்கரை ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் மூடி வைப்பது. அதில் மாவையும் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கிற நொதிகள் கொஞ்சம் இருக்கலாம். அதிகம் இருப்பது புளிப்பு. காடியில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலம். தரை துடைக்க நல்லதுதான். ஆனால் நைட்ரஜன் பிடிக்கும் நொதியை அது கொடிக்குக் கொடுக்காது. நொதி என்பது பெரிய புரதம். வேர் அதை முழுசாக உறிஞ்சி முடிச்சுக்கு அனுப்பாது. மண்ணில் விழுந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். நைட்ரஜனேஸோ காற்றுப் பட்டாலே செத்துப் போகிற நொதி, போத்தலில் அடைத்து ஊற்றவே முடியாது. முடிச்சுக்குள்ளேயே செய்து, அங்கேயே அடைகாத்து, அங்கேயே ஊட்டி வளர்க்க வேண்டியது அது. அடைகாக்கிறவை, ஊட்டுகிறவை, அது செய்த சரக்கை அள்ளிக்கொண்டு போகிறவை எல்லாம் வேறு நொதிகள். அம்மா, உன் கட்டுரை கேட்கிற துணை நொதிகள் அவைதான்.

சரி, அப்படி என்ன கடினமான வேலை? நாம் மூச்சு விடும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மடிப் பிணைப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்க, ஹேபரும் போஷும் கண்ட வழியில், யூரியாத் தொழிற்சாலைகளில் 400 டிகிரிக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் கொடுக்கிறார்கள். அதே வேலையை நம் வீட்டுப் பின்புற மண்ணின் வெதுவெதுப்பிலேயே பாக்டீரியா செய்கிறது.

நைட்ரஜனேஸ் இரண்டு புரதங்கள் சேர்ந்தது. சின்னது இரும்புப் புரதம். பெரியது மாலிப்டினம்–இரும்புப் புரதம். வெட்டு முடிந்ததும் பால் வாளியைச் சுமந்து போய் ஸ்டோரில் ஊற்றிவிட்டுத் திரும்பி வருவார்களே, சின்னப் புரதத்தின் வேலை அதுதான். ஒவ்வொரு நடைக்கும் ஓர் எலெக்ட்ரானைக் கொண்டு போய்ப் பெரிய புரதத்தில் கொடுத்துவிட்டு விலகி வரும். ஒவ்வொரு நடைக்கும் 2 ஏடிபி செலவு; ஏடிபி என்பது செல்லுக்கு எரிபொருளாகும் மூலக்கூறு. ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு 8 நடை, 16 ஏடிபி. கிடைப்பது 2 அம்மோனியா, கூடவே வீணாகிற ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. பெரிய புரதத்தின் நடுவே உண்மையில் கட்டு அவிழும் இடம் ஒரு சின்ன உலோகக் கொத்து. 7 இரும்பு, 9 கந்தகம், 1 மாலிப்டினம், மையத்தில் 1 கார்பன். அந்த ஒற்றைக் கார்பன்தான் அங்கே இருக்கிறது என்று உறுதியானதே 2011-இல். கொத்தின் ஓரத்தில் ஹோமோசிட்ரேட் என்ற ஓர் அமிலமும் ஒட்டியிருக்கும். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

பாக்டீரியா வேருக்குள் நுழைவதிலேயே நொதிகளின் கதை தொடங்கிவிடுகிறது. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உன் பாடப்புத்தகத்திலேயே நன்றாக இருக்கிறது. வேர் ஃபிளேவனாய்டுகள் என்ற வேதிப்பொருள்களைக் கசிய விடும். அதை உணர்ந்த ரைசோபியம் (முடிச்சில் வாழும் பாக்டீரியா), நாட் சி, நாட் பி, நாட் ஏ என்ற மூன்று நொதிகளைக் கொண்டு ஒரு சைகைப் பொருளைச் செய்யும். முதலாவது சர்க்கரைத் துண்டுகளைக் கோக்கும், இரண்டாவது அதன் நுனியிலிருந்து ஒரு அசெட்டைல் குழுவை நீக்கும், மூன்றாவது அந்த இடத்தில் ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டும். சைகை கிடைத்ததும் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை மடக்கிக்கொள்கிறது. அப்புறம் உள்ளே போக வழி வேண்டுமே? அங்கே செடியே பெக்டேட் லையேஸ் என்ற தன் சொந்த நொதியால் செல்சுவரைத் தளர்த்திவிடுகிறது. விருந்தாளி கதவை உடைக்கவில்லை, வீட்டுக்காரர்தான் தாழைத் திறக்கிறார்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மழை விட்ட மறுநாள் ஒரு பயிற்றங்காய்ச் செடியை மண்ணோடு பெயர்த்து எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். குத்திக் கிளப்ப வேண்டும். வேரை வாளித் தண்ணீரில் அலசினால் மிளகு அளவில் உருண்டைகள் தெரியும். ஒன்றைக் கிள்ளி, கட்டைவிரல் நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பு. நகக்கண்ணில் வெற்றிலைச் சாறு மாதிரி கறை படியும். பச்சைச் செடியின் வேருக்குள் இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

அது லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவு. ஜப்பானைச் சேர்ந்த குபோ 1939-இல் அடையாளம் கண்டது. இது நொதி இல்லை, ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். கட்டுரையில் இதை நொதி என்று எழுதிவிடாதே, மதிப்பெண் போகும். ஆனால் இதை விட்டுவிட்டுத் துணை நொதிகளைப் பேச முடியாது. காரணம் ஆக்சிஜன். நைட்ரஜனேஸின் இரும்புப் புரதம் காற்றுப் பட்டால் ஒரு நிமிடத்துக்குள் பாதிக்கு மேல் கெட்டுப்போகும். அதே நேரத்தில் 16 ஏடிபி செய்ய வேண்டுமானால் பாக்டீரியா மூச்சுவிட்டாக வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் நொதி சாகும், இல்லாவிட்டால் எரிபொருள் தீரும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலை.

முடிச்சு இதைத் தீர்த்த விதம் அழகானது. லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டு, சுதந்திரமாகத் திரியும் ஆக்சிஜனை வெளியே உள்ள தண்ணீரில் இருப்பதில் பல ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. ஆனால் பிடித்ததைப் பாக்டீரியாவின் வாசல்வரை கொண்டு போய்ச் சேர்க்கவும் செய்கிறது. அவ்வளவு குறைந்த ஆக்சிஜனை யார் பயன்படுத்துவது? அதற்கென்றே முடிச்சுக்குள் வந்த பாக்டீரியா சிபிபி3 சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் செய்கிறது. சாதாரண ஆக்சிடேஸ் திணறுகிற இடத்தில் இது தாராளமாக மூச்சுவிடும். துணை நொதிகளில் ஒன்றை மட்டும் எழுத இடமிருந்தால், நான் இதைத்தான் எழுதுவேன். இது இல்லாவிட்டால் ஏடிபி இல்லை, ஏடிபி இல்லாவிட்டால் நைட்ரஜனேஸ் வெறும் இரும்புக் கட்டி.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரும்பும் ஆக்சிஜனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடத்தில் சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுகள் பிறந்துகொண்டே இருக்கும். அவற்றை அடக்க சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் எல்லாம் அங்கே ஓயாமல் வேலை செய்கின்றன. முடிச்சு கிழடாகும்போது இந்தக் காவல் தளர்கிறது, லெக்ஹீமோகுளோபின் சிதைகிறது, சிவப்பு பச்சையாகிறது. நகத்தால் பிளந்த முடிச்சு பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது வேலையை முடித்துவிட்டது. உள்ளே வெள்ளையாக இருந்தால் அது இன்னும் தொடங்கவில்லை, அல்லது உதவாத பாக்டீரியாவிடம் மாட்டிக்கொண்டது. 2005-இல் ஒரு சிறு அவரையினச் செடியில் லெக்ஹீமோகுளோபின் உண்டாகாதபடி செய்து பார்த்தார்கள். முடிச்சுகள் வந்தன, ஆனால் வெள்ளையாக. நைட்ரஜன் பிடிப்பு நின்றுபோனது.

எரிபொருள் என்றேனே, அது எங்கிருந்து வருகிறது? இலை செய்த சர்க்கரைதான், சுக்ரோஸாக வேருக்கு இறங்குகிறது. பாக்டீரியாவுக்கு அதை அப்படியே கொடுப்பதில்லை. முடிச்சின் செல்லில் சுக்ரோஸ் சின்தேஸ் என்ற நொதி அதை உடைக்கும். அப்புறம் பல படிகள் தாண்டி, பாஸ்போஇனால்பைருவேட் கார்பாக்சிலேஸ் கரிமத்தைச் சேர்க்கும், மாலேட் டிஹைட்ரஜனேஸ் அதை மாலேட்டாக முடிக்கும். பாக்டீரியாவுக்கு ஊட்டப்படும் சோறு அந்த மாலேட்தான். முன்சொன்ன கார்பாக்சிலேஸுக்கு வேண்டிய பைகார்பனேட்டைத் தயார் செய்து கொடுக்க கார்பானிக் அன்ஹைட்ரேஸ் இருக்கிறது. இதில் சுக்ரோஸ் சின்தேஸ் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பட்டாணிச் செடியில் பார்த்திருக்கிறார்கள். முடிச்சு இருக்கும், நைட்ரஜன் வராது. வறட்சி வந்தால் முடிச்சில் முதலில் குறைகிறவற்றில் இந்த நொதியும் ஒன்று.

இப்போது ஹோமோசிட்ரேட்டுக்கு வருகிறேன். நைட்ரஜனேஸின் உலோகக் கொத்தில் ஒட்டியிருக்கும் அமிலம் என்றேன். மண்ணில் தனித்து வாழ்ந்து நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தாங்களே செய்துகொள்ளும். வேர் முடிச்சில் வாழும் பல ரைசோபியங்களிடம் அதைச் செய்யும் மரபணுவே இல்லை. அப்படியானால் அவை எப்படி நைட்ரஜனேஸை முழுமையாக்குகின்றன? 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் லோட்டஸ் ஜப்போனிகஸ் என்ற செடியில் விடை கண்டார்கள். செடிதான் முடிச்சுக்குள் ஹோமோசிட்ரேட் சின்தேஸ் என்ற நொதியைச் செய்து, அந்த அமிலத்தைப் பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. அந்த மரபணு பழுதான செடியில் முடிச்சு உருவாகும், வேலை செய்யாது. பாக்டீரியாவின் நொதிக்கு வேண்டிய ஓர் உறுப்பைச் செடி தன் அடுப்பில் சமைத்துக் கொடுக்கிறது. 'பாக்டீரியா நைட்ரஜனைப் பிடிக்கிறது, செடி இடம் கொடுக்கிறது' என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்து வந்த எனக்கு, இதைப் படித்த அன்று அந்த வாக்கியத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. இதை உன் கட்டுரையில் கட்டாயம் சேர்.

வீணாகும் ஹைட்ரஜனுக்கும் ஒரு நொதி உண்டு. சில பாக்டீரியா வகைகளில் ஹைட்ரஜனேஸ் அதைத் திரும்ப உள்ளே இழுத்து, அதிலிருந்து கொஞ்சம் ஆற்றலை மீட்கிறது. எல்லா வகையிலும் இது இல்லை.

எத்திலீன் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊருக்குப் பழக்கமான வாயு. பால் அதிகம் வடிய மரத்துக்கு எத்ரல் பூசுவார்களே, அதிலிருந்து வெளிவருவது எத்திலீன். செடி தன் வேரிலும் இதை உண்டாக்கும், அது கூடினால் முடிச்சுகள் குறையும். சில ரைசோபியங்கள் ஏசிசி டிஅமினேஸ் என்ற நொதியால், எத்திலீனாக மாறவேண்டிய மூலப்பொருளையே உடைத்துவிடுகின்றன. அதனால் முடிச்சுகள் கூடுதலாகப் பிடிக்கின்றன.

நைட்ரஜனேஸின் வேலையை அளக்கும் முறையிலும் இதே எத்திலீன்தான் வருகிறது. 1966-இல் கண்ட ஒரு விஷயம்: நைட்ரஜனுக்குப் பதிலாக அசெட்டிலீனைக் கொடுத்தால், நைட்ரஜனேஸ் அதை எத்திலீனாக மாற்றிவிடும். எவ்வளவு எத்திலீன் வந்தது என்று அளந்தால் நொதி எவ்வளவு சுறுசுறுப்பு என்று தெரியும். ஐயா, உங்களுக்குக் கார்பைட் விளக்கு நினைவிருக்கும். விடியற்காலை இருட்டில் நெற்றியில் மாட்டிக்கொண்டு வெட்டுக்குப் போவீர்கள். கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட எரிந்ததே ஒரு வாயு, அதுதான் அசெட்டிலீன். என் அப்பாவின் நெற்றியில் எரிந்த வாயுவை வைத்துத்தான் அவர் காலடியில் கிடந்த கொடியின் முடிச்சுகளை விஞ்ஞானிகள் அளந்தார்கள் என்பது பல்கலைக்கழகத்தில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மோனியா கிடைத்துவிட்டது. அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அம்மோனியா தேங்கினால் செல்லுக்கு நஞ்சு. பாக்டீரியா அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் செடியின் செல்லுக்குள் விட்டுவிடுகிறது. அங்கே குளுட்டமைன் சின்தெட்டேஸ் உடனே அதைக் குளுட்டமேட்டோடு சேர்த்துக் குளுட்டமைனாக்கும். அடுத்தது கோகாட் எனப்படும் குளுட்டமேட் சின்தேஸ். அது ஒரு குளுட்டமைனிலிருந்து இரண்டு குளுட்டமேட் செய்யும். ஒன்று திரும்பச் சுற்றுக்கு, மற்றது செடிக்கு. இந்த இரண்டு நொதிகளின் பெயர் இல்லாத கட்டுரையை நான் திருத்தினால் முழு மதிப்பெண் தரமாட்டேன்.

பயிற்றங்காய், சோயா, உளுந்து போன்ற வெப்பநாட்டுப் பயறுகள் இன்னும் ஒரு படி போகின்றன. பட்டாணி போன்ற குளிர்நாட்டுச் செடிகள் நைட்ரஜனை அஸ்பராஜினாக மேலே அனுப்பும். அதில் இரண்டு கார்பனுக்கு ஒரு நைட்ரஜன். நம் பயிற்றங்காய் அலன்டாயினாக அனுப்புகிறது. அதில் ஒரு கார்பனுக்கு ஒரு நைட்ரஜன். ஒரே சரக்குக்குப் பாதிக் கார்பன் போதும், சிக்கனம். அலன்டாயினைச் செய்வதற்கு முந்தைய படி யூரிக் அமிலம். ஜான்தீன் டிஹைட்ரஜனேஸ் யூரிக் அமிலத்தை உண்டாக்கும், யூரிகேஸ் அதை அலன்டாயின் பக்கம் திருப்பும். யூரிகேஸ் வேலை செய்வது பாக்டீரியா புகாத பக்கத்துச் செல்களில். மனிதர்களான நமக்கு அந்த யூரிகேஸ் இல்லை. அதனால்தான் யூரிக் அமிலம் கூடினால் கால் பெருவிரல் வீங்கிக் கவுட் வருகிறது. பயிற்றங்காய்க்கு அந்தக் கவலை இல்லை.

இனி, தோட்டத்தில் இதெல்லாம் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். புதிதாக நட்ட பால்மரத்துக்கும் செம்பனைக்கும் இடையே தரையை மூட பியூராரியா, சென்ட்ரோசீமா, கலோபோகோனியம் என்ற மூன்று அவரையினக் கொடிகளைக் கலந்து விதைப்பார்கள். லாலாங் என்ற களைப் புல்லை அமுக்கவும், மண் அரிக்காமல் இருக்கவும், நைட்ரஜனுக்காகவும். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகமுத்துவும் பிராட்டனும் செம்பனைத் தோட்டத்தில் ஆய்ந்து 1985-இல் வெளியிட்ட கணக்கில், இந்தக் கொடிகள் ஒரு ஹெக்டரில் ஆண்டுக்குச் சுமார் 150 கிலோ நைட்ரஜனைப் பிடித்தன. யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. அப்படியானால் 50 கிலோ மூட்டையில் ஆறரை மூட்டை.

என் அப்பா மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்த நிரையில் விதைப்பு நாளன்று நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். விதையை வெந்நீரில் ஊற வைத்து வடிகட்டுவார்கள். தோல் கெட்டி, இல்லாவிட்டால் முளைக்காது. அப்புறம் ஒரு பொட்டலத்திலிருந்து கருத்த தூளைக் கலப்பார்கள். அதுதான் ரைசோபியம். வெயில் படாமல் சாக்கைப் போட்டு மூடி வைக்கச் சொல்லி அப்பா சத்தம் போடுவார். கடைசியாகக் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த பாறைப் பாஸ்பேட்டைப் பொடியாகக் கொட்டிப் புரட்டுவார்கள். பெண்களின் முழங்கைவரை மாவு பூசின மாதிரி இருக்கும். எதற்கு பாஸ்பேட் என்று அன்று யாரும் சொல்லவில்லை. 16 ஏடிபி என்று மேலே எழுதினேனே, அந்த மூன்றெழுத்தில் கடைசி எழுத்து பாஸ்பேட். நம் புளித்த மண்ணில் பாறைப் பாஸ்பேட் மெல்லக் கரைந்து கிடைக்கும்.

அதே புளிப்புதான் மாலிப்டினத்தைப் பூட்டியும் வைக்கிறது. மண் எவ்வளவு அமிலமோ அவ்வளவுக்கு மாலிப்டினம் வேருக்குக் கிடைப்பது குறையும். ஆஸ்திரேலியாவில் ஆண்டர்சன் 1942-இல், நல்ல மழை இருந்தும் தேறாத ஒரு தீவன நிலத்துக்கு மாலிப்டினம்தான் குறை என்று கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட நிலத்துக்கு ஹெக்டருக்குச் சில பத்து கிராம் போட்டாலே போதும். நைட்ரஜனேஸுக்கு மட்டுமா? மேலே சொன்ன ஜான்தீன் டிஹைட்ரஜனேஸும் மாலிப்டின நொதிதான்.

ஆகவே ஐயா, உங்கள் பாத்திக்கு வேண்டியது என்சைம் தண்ணீர் இல்லை, அதிலும் இருக்கிற புளிப்பைக் கூட்டுவது வேண்டவே வேண்டாம். விதைக்கு இரண்டு வாரம் முன்னால் டோலமைட் சுண்ணாம்பைத் தூவிக் கிளறுங்கள். கொஞ்சம் பாறைப் பாஸ்பேட் போடுங்கள். யூரியாவைக் கொடிக்குக் கிட்டே கொண்டு வராதீர்கள். நான் முதன்முதலில் வீட்டின் பின்னால் பயிற்றங்காய் போட்டபோது, கொடி சீக்கிரம் ஏறட்டும் என்று வாரா வாரம் யூரியா கரைத்து ஊற்றினேன். இலை கரும்பச்சையாகத் தழைத்தது, காய் ஏழெட்டுக்கு மேல் இல்லை. பெயர்த்துப் பார்த்தால் வேரில் மூன்றே முடிச்சு, மூன்றும் உள்ளே வெள்ளை. மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வளர்க்காது. இவ்வளவு நொதிகளை வைத்துச் சமைத்துப் போட அதற்கு அவசியமில்லையே.

அம்மா, சனிக்கிழமை தாத்தாவின் பாத்தியில் பூ விடத் தொடங்கின கொடி ஒன்றையும், காய்த்து ஓய்ந்த கொடி ஒன்றையும் மண்வெட்டியால் கிளப்பி வை. ஒவ்வொன்றிலும் பத்து முடிச்சைப் பிளந்து சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை, வெள்ளை எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள். முடிச்சைப் பிளந்த உடனே பார், காற்றில் கொஞ்ச நேரம் கிடந்தால் நிறம் பழுப்பேறிவிடும். கைபேசியில் படமும் எடுத்துக்கொள். ஐந்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன், நோட்டோடு வா.